குருவி எந்த வீட்டுப் பிள்ளை?

வாசகர் கடிதம்:

"அக்காவுக்கு வணக்கம். எனக்கு 23 வயது. சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். பத்து மாதமாக மொபைல் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் ஒருவரோடு ஜோடி சேர்ந்து ஆடி வந்தேன். பெயரைக் குருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவி ஒருநாள்கூட மைக் போட்டதில்லை, எழுத்தில்தான் பேச்சு. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. என் அப்பா மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் ராத்திரியில் எனக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தது குருவி மட்டும்தான். போன மாதம் ஓர் ஆட்டம் தோற்ற கோபத்தில் குழுவில் எல்லார் முன்னாலும் அசிங்கமாகத் திட்டிவிட்டேன். மறுநாள் குருவி என்னை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் தேட ஆரம்பித்தேன். ஆட்டத்தின் பேராக் மாநிலத் தரவரிசையில் அதன் பெயர் வரும். 'அம்மா பெரட்டுக்கு (விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூடுவது) எழுந்திருவாங்க, நான் படுக்கிறேன்' என்று ஒருநாள் எழுதியது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனதாகச் சொன்னது. ஒருநாள் கரண்டு போய் பாதி ஆட்டத்தில் காணாமல் போனது, அதே நேரம் எங்கள் ஊர் முகநூல் பக்கத்திலும் கரண்டு இல்லை என்று எழுதியிருந்தார்கள். கோயில் பக்கம், பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்கள், டிக்டாக் எல்லாம் பார்த்து எக்ஸெல் தாளில் போட்டேன். மூன்று பேரில் வந்து நிற்கிறது. இரண்டு பையன்கள், ஒரு பெண். நண்பர்கள் இருவரிடம் காட்டினேன், அந்தப் பெண்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள். இப்போது வேறு பெயரில் ஆடும் ஒருவரின் ஆட்டமும் குருவியின் ஆட்டம் மாதிரியே இருக்கிறது.

நான் யாருடைய கணக்கையும் உடைக்கவில்லை. எல்லாம் ஊருக்கே தெரியும் தகவல்தான். இது தப்பா? தப்பில்லை என்றால், மூன்றில் யார் என்று உறுதி செய்ய ஒரு வழி சொல்லுங்கள்."

பதில்:

தம்பிக்கு வணக்கம். அப்பா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உறுதி செய்ய வழிகள் இருக்கின்றன. அவற்றை நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஈப்போவில் தகவல் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் தரவைப் பெயர் நீக்கி வெளியே கொடுக்கப் போகிறது என்றால், அதிலிருந்து ஒரு தனி ஆளை யாராவது தோண்டி எடுத்துவிட முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் வேலை. அதாவது, நீங்கள் கடைக்கு மேலே உட்கார்ந்து எக்ஸெல் தாளில் செய்ததைத்தான் நான் சம்பளத்துக்குச் செய்கிறேன். அதனால் நீங்கள் ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டதாக நான் பதறவில்லை. துண்டு துண்டாகக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்கும் அறிவு எல்லாருக்கும் வராது, உங்களுக்கு வந்திருக்கிறது. அந்த அறிவு எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் நாம் பேசப் போகிறோம்.

"எல்லாம் ஊருக்கே தெரியும் தகவல்தான்" என்கிறீர்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவருக்கு ஒன்று சொன்னால் உடனே புரியும். உங்கள் அம்மா காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், நீங்கள் கடையைச் சாத்திவிட்டு எந்த வழியாக மோட்டாரில் வருகிறீர்கள், அப்பா எந்தக் கிழமை கிளினிக் போகிறார், வீட்டில் எப்போது விளக்கு அணைகிறது என்பதெல்லாம் உங்கள் தெருவுக்கே தெரியும். யாரும் ஒளிக்கவில்லை. ஆனால் ஒருவன் இதையெல்லாம் மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வந்தால் எப்படி இருக்கும்? "தெரிந்த விஷயம்தானே" என்று விட்டுவிடுவீர்களா? நோட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் பழையது. அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் நோட்டு மட்டும் புதியது. உங்கள் எக்ஸெல் தாளும் அப்படிப்பட்ட ஒரு நோட்டுதான்.

இது உலகம் முழுக்கப் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 650,000 பேரின் மூன்று மாதத் தேடல் சொற்களை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் போட்டிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணைப் பிடித்தார்கள். அந்த எண்ணுக்குரியவர் ஒரு சிறிய ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார், ஒரே குடும்பப் பெயர் கொண்ட சிலரைத் தேடியிருந்தார், நாயைப் பற்றித் தேடியிருந்தார். சில நாள்களில் ஜார்ஜியா மாநிலத்தில் 62 வயதுப் பெண்மணி ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்கள். ஆம், என் தேடல்கள்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் சுமார் 480,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 100 மில்லியன் மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி அதை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் எட்டுப் படங்களுக்கு என்ன மதிப்பெண் கொடுத்தார், ஏறக்குறைய எந்தத் தேதியில் கொடுத்தார் என்று தெரிந்தால் போதும். அதில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதி இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்தனியே பிரித்துவிடலாம். அப்புறம் ஐஎம்டிபி என்ற திரைப்படத் தளத்தில் சிலர் தாங்களே எழுதியிருந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டு ஆளையும் காட்டினார்கள். படத்துக்குப் போடும் மதிப்பெண்ணில் என்ன ரகசியம் இருக்கப் போகிறது என்று தோன்றும். அதிலிருந்து ஒருவரின் அரசியல் சாய்வுவரை ஊகிக்க முடிந்தது.

குருவி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கலாம், ஆட்டம் அப்படியே இருக்கிறது என்கிறீர்களே, அதற்கும் முன்கதை உண்டு. ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் போட்டிக்கு முன் தங்கள் உத்தியை மறைக்க, கடைச் சாமானில் இருக்கும் பட்டைக் கோடு மாதிரி வெறும் கோடுகளாலான பெயர்களில் ஆடுவார்கள். விசைப்பலகையில் எந்தக் குறுக்கு விசைகளை எப்படித் தட்டுகிறார்கள் என்பதை ஆட்டப் பதிவுகளிலிருந்து எடுத்து, வெவ்வேறு பெயர்களில் ஆடுவது ஒரே கைதான் என்று கண்டுபிடிக்க முடியும் என பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். பெயரை மாற்றினாலும் கைப்பழக்கம் மாறுவதில்லை. ஆகவே உங்கள் உள்ளுணர்வு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். அது குருவிதான் என்றால், குருவி பத்து மாதம் வளர்த்த பெயரையும் தரத்தையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. உங்களுக்கு அது ஏற்கெனவே ஒரு பதில் சொல்லிவிட்டது, தம்பி.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அதுதான்.

ஒருவரைக் கண்டுபிடிக்க எத்தனை தகவல் வேண்டும் என்பதற்கு எங்கள் துறையில் ஒரு எளிய கணக்கு உண்டு. ஆமா, இல்லை என்று பதில் வரும் ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைப் பாதியாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் இருக்கும் 8 பில்லியன் பேரில் ஒருவரைப் பிடிக்க 33 கேள்விகள் போதும். மலேசியாவின் 34 மில்லியன் பேரில் ஒருவரைப் பிடிக்க 26 கேள்விகள். 60 வீடுகள் உள்ள ஒரு தோட்டத்தில் ஒரு வீட்டைப் பிடிக்க ஆறே கேள்விகள்! கோலாலம்பூரில் ஒரு பிள்ளை "கரண்டு போச்சு" என்று எழுதினால் அது ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒன்று. நம் பக்கத்தில் அதே வார்த்தை இரண்டு தாமான் குடியிருப்புகளையும் ஒரு தோட்டத்தையும் காட்டிக் கொடுத்துவிடும். "அம்மா பெரட்டுக்கு எழுந்திருவாங்க" என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு விலகும் முன் அம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டும், சுவர் மெலிசு, பிள்ளை சத்தம் வராமல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு முழு வீடே அந்த வரிக்குள் இருக்கிறது. குருவி அதை உங்களிடம் நம்பி எழுதியது. தேடுவதற்கான தடயம் என்று நினைத்து எழுதியிருக்காது.

நான் தாப்பா பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்தாவது வீட்டில் வாசனை வரும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பெண் எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பது பொழுது சாய்வதற்குள் கோயிலடிக்கு வந்துவிடும். அந்த நெருக்கம் பல நேரம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. என் தாத்தா செத்தபோது அரிசி வாங்கக்கூட அம்மா வெளியே போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு நிமிடம்கூட யாரோ ஒருத்தியாக, பெயரில்லாமல் இருக்க முடியாது. இன்னார் மகள், இன்னார் பேத்தி, இன்ன லயம். எனக்கு முதல்முறையாக அந்தச் சுதந்திரம் கிடைத்தது 19 வயதில், வேறு ஊருக்குப் படிக்கப் போனபோது. இன்றைய பிள்ளைகளுக்கு அது கைப்பேசிக்குள் கிடைக்கிறது. குருவி என்ற பெயரில் இருக்கும்போது அந்தப் பிள்ளை யார் மகனும் இல்லை, யார் மகளும் இல்லை. நன்றாக ஆடும் ஒரு கை, அவ்வளவுதான். உங்கள் அப்பா படுத்திருந்தபோது அது உங்களோடு அவ்வளவு திறந்து பேசியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தெரு தெரிந்த, வீடு தெரிந்த ஒருவராக இருந்திருந்தால் அந்த மூன்று வாரப் பேச்சு நடந்திருக்குமா?

சரி, உங்கள் மூன்று பேரையும் ஒரு தொழில்காரியாகப் பார்க்கிறேன். எனக்கு அந்த முடிவில் நம்பிக்கை இல்லை.

பேராக் தரவரிசை என்பது ஏதோ ஒரு நேரத்தில் அந்தக் கைப்பேசி சொன்ன இருப்பிடம். அந்த ஆள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி இல்லை. பெரட்டு என்ற வார்த்தையைத் தோட்டத்தை விட்டு வந்து 20 ஆண்டான குடும்பங்களும் பேசுகின்றன. என் அம்மா இன்றும் என் அலுவலகத்தைப் "பெரட்டு" என்றுதான் சொல்கிறார். கல்லுமலைக்குத் தைப்பூசத்தில் எங்கெங்கிருந்தோ கூட்டம் வருகிறது. கரண்டு போகாத ஊர் உண்டா? ஒவ்வொரு தடயத்தையும் நீங்கள் "எங்கள் ஊர்" என்ற நினைப்போடு எடுத்தீர்கள், அதனால் ஒவ்வொன்றும் உங்கள் ஊரையே காட்டியது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கோயில் பக்கத்திலும் பள்ளிப் படங்களிலும் டிக்டாக்கிலும் முகம் காட்டியவர்களில்தான் நீங்கள் தேடினீர்கள். வலை போட்ட இடத்து மீன்தான் வலையில் விழும். முகம் காட்டாமல் ஆடும் ஒருவர், முகநூலிலும் முகம் காட்டாதவராக இருக்கத்தானே வாய்ப்பு அதிகம்? அப்படிப்பட்டவர் உங்கள் பட்டியலில் வரவே முடியாது. அப்புறம், கைப்பேசிக் கடையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் வீடுகளில் ஒரு கைப்பேசியை எத்தனை பேர் பிடிக்கிறார்கள்? பகலில் தம்பி, ராத்திரி அக்கா, ஞாயிற்றுக்கிழமை மாமா பையன். தரம் ஏறிய கணக்கை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். உங்களோடு ஆடிய கையும், அப்பாவைப் பற்றி விசாரித்த மனமும் ஒரே ஆளுடையவை என்றுகூட உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த மாதிரி தவறை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில், கூடுதல் நேரச் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை என்று பெயர் போடாத மின்னஞ்சல் ஒன்று மேலிடத்துக்குப் போனது. யார் எழுதியது என்று பார்க்கச் சொன்னார்கள். நான் இளையவள், திறமையைக் காட்டும் ஆசை. வாக்கியத்தின் கடைசியில் இரண்டு புள்ளி வைக்கும் பழக்கம், ஒரு சொல்லை எப்போதும் ஒரே விதமாகத் தப்பாக எழுதுவது, அனுப்பிய நேரம் எல்லாவற்றையும் பழைய மின்னஞ்சல்களோடு ஒப்பிட்டேன். "80 விழுக்காடு இவராக இருக்கலாம்" என்று ஒரு பெயரைச் சொன்னேன். என் மேசையிலிருந்து மேலதிகாரி அறைக்குப் போவதற்குள் அந்த 80, 100 ஆகிவிட்டது. அந்த மனிதரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலையை மட்டும் ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து எடுத்தார்கள். நான்கு மாதத்தில் அவரே போய்விட்டார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு கல்யாண விருந்தில், அதை எழுதியது நான்தான் என்று வேறொரு பெண் என்னிடம் சொன்னாள். அவளுக்கும் அவருக்கும் தட்டச்சு சொல்லிக் கொடுத்தது ஒரே மேற்பார்வையாளர். இரண்டு புள்ளி அங்கிருந்து வந்தது. அவருடைய எண்ணைத் தேடி அழைத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

உங்கள் நண்பர்கள் "அந்தப் பெண்தான்" என்று அடித்துச் சொல்வதைப் படித்தபோது எனக்கு அந்த 80தான் நினைவுக்கு வந்தது. மூன்று பேரில் ஏன் அவளை மட்டும் பிடித்தார்கள்? தடயம் அவளைக் காட்டியதாலா, பெண்ணாக இருந்தால் கதை சுவையாக இருக்கும் என்பதாலா? நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆட்ட உலகத்தில் தவறான முகவரி ஓர் உயிரையே எடுத்திருக்கிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் கால் ஆஃப் டியூட்டி ஆடிய இருவருக்குள் ஒன்றரை டாலர் பந்தயத்தில் சண்டை. ஒருவர் "முடிந்தால் வா" என்று ஒரு முகவரியைக் கொடுத்தார். அது அவருடைய பழைய முகவரி. மூன்றாமவர் ஒருவர் அந்த வீட்டில் கொலை நடந்துவிட்டது, ஆள்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று போலீசுக்குப் பொய் சொன்னார். கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் இருந்த அந்த வீட்டைப் போலீஸ் சூழ்ந்தது. என்ன சத்தம் என்று கதவைத் திறந்து பார்த்த 28 வயது மனிதர் சுடப்பட்டு இறந்தார். இரண்டு பிள்ளைகளின் அப்பா. அந்தச் சண்டைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொய் அழைப்பு செய்தவருக்கு 2019இல் 20 ஆண்டு சிறை கிடைத்தது. நம் நாட்டில் அப்படி நடக்காது என்று நீங்கள் சொல்லலாம். துப்பாக்கி வராது, உண்மைதான். நம் ஊரில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வரி போதும்: "ராத்திரி ஒரு மணிக்கு ஆம்பளப் பசங்களோட விளையாடுது." அந்தப் பெண்ணின் கைப்பேசி பறிபோகும். படிப்புக்கு வெளியூர் அனுப்பும் பேச்சு நின்று போகும். அவள் குருவியாகவே இல்லாமல் இருந்தாலும் இதெல்லாம் நடக்கும்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்தில் ஈடுபடுவோருக்கானது, உங்கள் எக்ஸெல் தாள் அதற்குள் வராது. ஆனால் ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து அச்சப்படுத்துவதும் தொல்லைப்படுத்துவதும் 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை. ஒருவருடைய அடையாள விவரங்களை அவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பரப்புவதும் 2025 ஜூலையிலிருந்து தனிக் குற்றம். இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை நம் சமூகம் மறக்கக்கூடாது. 2024 ஜூலையில் டிக்டாக்கில் இருந்த நம் இனத்துப் பெண் ஒருத்தி இணையத் தொல்லை தாங்காமல் உயிரை விட்டாள். அந்த வழக்கில் அவளை இழிவுபடுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு அன்றிருந்த சட்டப்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அந்தத் தொகையைக் கேட்டு நாடே கொதித்தது. உங்கள் நோக்கம் துன்புறுத்துவது இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் காட்டிய தாள் இப்போது இன்னும் இரண்டு பேர் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் நோக்கத்துக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியுமா?

ஒருவேளை குருவி உங்களை மிரட்டியிருந்தால், பணம் கேட்டிருந்தால், என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போதும் நீங்களே போய்க் கண்டுபிடியுங்கள் என்று சொல்ல மாட்டேன். திரைப்பிடிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள், தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள் என்று சொல்வேன். ஆட்ட நிறுவனத்திடம் சட்டப்படி பதிவுகளைக் கேட்கும் வழி அவர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. இங்கே தப்பு செய்தவர் நீங்கள். தப்பு செய்தவர் மன்னிப்புக் கேட்பதற்காக எதிராளியின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போவது, அவருக்கு மன்னிப்பாகத் தெரியாது. பயமாகத்தான் இருக்கும்.

உறுதி செய்வது என்றால் என்ன செய்வீர்கள்? மூன்று பேருக்கும் "குருவியா?" என்று செய்தி அனுப்புவீர்கள், அல்லது அண்ணன் தம்பியிடம் சுற்றி வளைத்துக் கேட்பீர்கள், அல்லது தாமானில் போய் நிற்பீர்கள். எதைச் செய்தாலும் இரண்டு வீட்டுக்காவது சம்பந்தமில்லாத சந்தேகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். மூன்றாவது வீடு சரியான வீடாக இருந்தால், அங்கே நடப்பது இன்னும் மோசமாக இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் அடியில் உங்கள் ஆட்டப் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதன் கடைசியில் எட்டு எண்கள் இருக்கின்றன. நம் அடையாள அட்டையின் முதல் ஆறு எண் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், 08 என்றால் பேராக். அந்த எட்டும் அப்படியே உங்கள் அட்டையின் முதல் எட்டு எண்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் வேலை, ஊர், அப்பா மருத்துவமனையில் இருந்த காலம் எல்லாம் இருந்தன. நான் அதற்கு மேல் எதையும் தேடவில்லை, தேடவும் மாட்டேன். கடிதத்தை வெளியிடும்போது அந்தப் பெயரையும், ஆளைக் காட்டிவிடக்கூடிய இரண்டு விவரங்களையும் எடுத்துவிட்டேன். நீங்கள் இன்றே அந்த எண்களை மாற்றிவிடுங்கள். ஆட்ட வரலாற்றைப் பிறர் பார்க்க முடியாதபடி மறைத்து வையுங்கள், இருப்பிட அனுமதியை நிறுத்துங்கள். கடைக்கு வரும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இதைச் செய்து கொடுத்தால் நல்லது. உங்களைவிட இதை யார் நன்றாகச் சொல்லித் தர முடியும்?

மன்னிப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் திட்டியது குழுவில், எல்லார் முன்னாலும். மன்னிப்பும் அங்கேதான் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தலைவரிடம் பேசுங்கள். குழுவில் நான்கு வரி எழுதுங்கள்: அன்று நான் பேசியது தப்பு, குருவி மேல் பிழை இல்லை, அப்பா படுத்திருந்தபோது எனக்குத் துணையாக இருந்ததை மறக்கவில்லை, பதில் எதிர்பார்க்கவில்லை. குருவியோடு இன்னும் தொடர்பில் இருக்கும் யாராவது இருந்தால் அது போய்ச் சேரும். புதிய பெயரில் ஆடுகிறவரிடம் போய் நீதானே என்று கேட்காதீர்கள். எதிர்ப்பட்டால் ஆட்டத்தை மட்டும் ஒழுங்காக ஆடுங்கள். குருவி திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதை முடிவு செய்வது குருவியின் உரிமை.

அந்த எக்ஸெல் தாளை அழித்துவிடுங்கள். புலனத்தில் அனுப்பியிருந்தால் அங்கேயும், குப்பைத் தொட்டியிலும், மேகச் சேமிப்பிலும் அழியுங்கள். அப்புறம் அந்த இரண்டு நண்பர்களையும் இந்த வாரமே நேரில் பாருங்கள், செய்தியில் வேண்டாம். "நான் போட்ட கணக்கு தப்பு, அந்த மூன்று பேரில் யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை, நான் மேலே எழுதியதைப் படித்தால் நீங்களே அந்த முடிவுக்குத்தான் வருவீர்கள். அவர்கள் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சொல்லியிருந்தால் அந்த ஆளையும் போய்ப் பாருங்கள்.